மூச்சைப் பார்ப்பவர்கள்

செல்லம்மாள் கண்ணை மூடியதும் பிரமநாயகம் பிள்ளைக்கு முதலில் வருவது அழுகை இல்லை. பெரிய சுமை ஒன்று இறங்கிய நிம்மதி. புதுமைப்பித்தன் இதைக் கதையின் நடுவிலோ கடைசியிலோ ஒளித்து வைக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே, உடல் கிடக்கும் அறையிலேயே சொல்லிவிடுகிறார். 'செல்லம்மாள்' 1943இல் வந்த கதை. எண்பது ஆண்டு கழித்துப் படிக்கிறவர்களுக்கும் அந்த இடம் தொண்டையில் சிக்குகிறது.

எங்களுக்கும் சிக்கியது. பெக்கான் நானாஸ் சிறிய ஊர். மலேசியாவில் ஜொகூரின் பொந்தியான் மாவட்டம், சுற்றிலும் அன்னாசிக் காடு. சீனர்கள்தான் அதிகம். தமிழில் கதை படிக்கிறவர்கள் எல்லாரையும் ஒரு வீட்டு வாசலில் உட்கார வைத்துவிடலாம், அப்படித்தான் உட்காருகிறோம். மாதத்துக்கு ஒரு கதை. எல்லாரும் படித்துவிட்டு வர வேண்டும் என்பது ஒன்றுதான் விதி.

ஜொகூர் பாருவில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னாள்: "அந்த ஆளுக்குப் பொண்டாட்டி மேல பாசமே இல்ல டீச்சர். செத்த உடனே நிம்மதியாம்."

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நினைத்ததெல்லாம் இந்த நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

*

பிள்ளை செய்கிற வேலைகளை மட்டும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். அவர் மனசில் ஓடுகிறதாகச் சொல்லப்படுவதை விட்டுவிட்டேன். கைகள் செய்வது மட்டும்.

திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தி. சம்பளம் போதாது, அதனால் நகரத்தை விட்டுத் தள்ளி, வாடகை குறைந்த இடத்தில் குடித்தனம். மனைவிக்கு நாள்பட்ட சீக்கு. நினைத்த நேரத்தில் நினைவு தப்பி விழுந்துவிடுவாள். உதவிக்கு உறவு என்று யாரும் இல்லாத பட்டணம். அவர் காலையில் எழுந்து அடுப்பு வேலையைப் பார்க்கிறார். அவளுக்கு வேண்டியதை எடுத்து வைக்கிறார். கடைக்குப் போகிறார். பகல் முழுக்க யாருக்காகவோ துணியை விரித்து விரித்துக் காட்டி, மடித்து மடித்து வைத்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார். கதவைத் திறந்ததும் அவள் கிடக்கும் கிடையைப் பார்த்து, மூக்கருகே கை வைத்து மூச்சு ஓடுகிறதா என்று பார்க்கிறார். ஓடுகிறது. வெந்நீர் வைக்கிறார், ஒத்தடம் கொடுக்கிறார், கைகால் தேய்த்துவிடுகிறார்.

இது ஒருநாள் வேலை இல்லை. ஆண்டுக்கணக்கில் அவருக்கு வாழ்க்கையே இதுதான். அவள் சாகிற அன்றும் அவர்தான் குளிப்பாட்டுகிறார், அவர்தான் உடுத்துகிறார், ஈ மொய்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறார்.

இந்த வரிசைக்குக் கீழே அந்த நிம்மதியை எழுதிப் பாருங்கள். அன்பு இல்லாதவனுக்கு அந்தச் சாவில் இறங்குவதற்குச் சுமை ஏது? தூக்கிக்கொண்டு நின்றவனுக்குத்தான் இறங்கும்.

*

கணவன் தன்னைத் தானே கண்டுகொள்கிற கதை என்றால் உலகத்தில் முதலில் சொல்வது ஜேம்ஸ் ஜாய்ஸின் 'இறந்தவர்கள்'. 1907இல் எழுதி, 1914இல் 'டப்ளினர்கள்' தொகுப்பில் கடைசிக் கதையாக வந்தது. எழுதும்போது அவருக்கு வயது 25. அந்த வயதில் ஒரு நடுவயதுக் கணவனின் வயிற்றுக்குள் எப்படிப் போய் உட்கார்ந்தார் என்று எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீருவதில்லை.

டப்ளினில் கிழ அத்தைகள் வீட்டில் கிறிஸ்துமஸ் கால விருந்து. கேப்ரியல் கான்ராய் படித்தவன், ஆசிரியன், பத்திரிகைக்குப் புத்தக மதிப்புரை எழுதுகிறவன். வாத்தை அவன்தான் அறுத்துப் பரிமாற வேண்டும், நன்றியுரையும் அவன்தான் பேச வேண்டும். மாலை முழுக்க அவனுக்குச் சின்னச் சின்னக் குத்தல்கள். வேலைக்காரப் பெண் வெடுக்கென்று ஒரு பதில் சொல்கிறாள். கூட ஆடுகிற பெண், சொந்த நாட்டை மறந்தவன் என்று சீண்டுகிறாள். அவனுக்குத் தன் பேச்சு நன்றாக வருமா என்பதே பெரிய கவலை.

கிளம்பும் நேரம். மாடிப்படியின் மேல் கிரெட்டா, அவன் மனைவி, அசையாமல் நின்று உள்ளே யாரோ பாடும் பழைய பாட்டைக் கேட்கிறாள். கீழே நின்று பார்க்கிற கேப்ரியலுக்கு அவள் ஓர் ஓவியமாகத் தெரிகிறாள். ஆசை பொங்குகிறது. அன்றிரவு ஓட்டலில் தங்குவதாக ஏற்பாடு. வழியெல்லாம் அவளோடு வாழ்ந்த நல்ல நாட்களை நினைத்துக்கொண்டே வருகிறான். அறைக்குள் போனதும் அவள் அழுகிறாள். அந்தப் பாட்டை முன்பு ஒருவன் பாடுவான், கால்வேயில், அவள் சிறு பெண்ணாக இருந்தபோது. மைக்கேல் ப்யூரி என்று பெயர், எரிவாயு ஆலையில் வேலை, நோஞ்சான் உடம்பு. அவள் டப்ளின் கான்வெண்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவு, கொட்டுகிற மழையில் அவள் இருந்த வீட்டுத் தோட்டத்தில் வந்து நின்றான். வீட்டுக்குப் போ என்றாள். வாழ ஆசையில்லை என்றான். ஒரு வாரத்தில் செத்துப்போனான். வயது பதினேழு.

சொல்லிவிட்டு அழுதபடியே கிரெட்டா தூங்கிப்போகிறாள். கேப்ரியல் விழித்திருக்கிறான். ஒரு பெண்ணுக்காகத் தான் அப்படி உணர்ந்ததே இல்லை, அப்படி உணர்வதுதான் காதலாக இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது. வெளியே அயர்லாந்து முழுவதும் பனி பெய்கிறது.

*

ஜாய்ஸ் இதை வெறும் கற்பனையில் எழுதவில்லை. அவர் மனைவி நோரா பார்னக்கிள் கால்வேக்காரி. சிறு வயதில் அவளை விரும்பிய மைக்கேல் போட்கின் என்ற இளைஞன் 1900இல் இறந்துபோனான். நோரா 1904இல் ஜாய்ஸோடு ஊரைவிட்டுக் கிளம்பினாள், சட்டப்படி கல்யாணம் செய்துகொண்டது 1931இல். மனைவியின் கடந்த காலத்தில் ஒரு கல்லறை இருப்பது அந்த மனிதரை எவ்வளவு அரித்திருக்கும்! அரித்ததை எடுத்து, தன்னைவிடச் செத்தவனே உயர்ந்தவன் என்று முடிகிற கதையாக எழுதினார். பெருந்தன்மை என்றால் இது.

*

எல்லாம் சரி. ஆனாலும் கேப்ரியலோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

மைக்கேல் ப்யூரி ஓர் இரவு மழையில் நின்றான். அவன் அரிசி வாங்கவில்லை. கிரெட்டாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி கண்விழிக்கவில்லை. அவள் பிள்ளை பெற்றபோது வெளியே காத்திருக்கவில்லை. சின்னஞ்சிறு பையன், அவன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, பாவம். ஆனால் பல வருஷம் குடும்பம் நடத்திய ஒருவன், அந்த ஓர் இரவை அளவுகோலாக எடுத்து வைத்துக்கொண்டு, தன்னிடம் இருந்தது காதலே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிக்கொள்வது சரியா? பதினேழு வயதில் சாகிறவனோடு யாரும் போட்டி போட முடியாது. அவன் கிழவனாவதில்லை, எரிந்து விழுவதில்லை, வாடகை பாக்கி வைப்பதில்லை.

பிரமநாயகம் பிள்ளைக்கு மழையில் நிற்க நேரம் இல்லை. கேப்ரியலுக்குச் சொல்ல வேண்டிய பதில் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

மேலே எழுதியதை இரண்டு நாள் கழித்துப் படித்தேன். கேப்ரியலின் பக்கமும் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அந்த ஓட்டல் அறையில் ஒரு கண்ணாடி வருகிறது. கேப்ரியல் போகிற போக்கில் அதில் தன்னை முழுசாகப் பார்க்கிறான். கொஞ்ச நேரத்தில் அதே உருவம் அவனுக்குக் கோமாளியாகத் தெரிகிறது: அத்தைகளுக்கு எடுபிடி, அற்பமான பேச்சாளன், தன் ஆசையைப் பெரிசாக அலங்காரம் செய்துகொள்கிறவன். நம்மில் பலர் இந்த இடத்தைத்தான் அவன் தன்னை உணர்ந்த இடம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அங்கே அவன் அழவில்லை. வெட்கம்தான் வருகிறது. கண்ணாடியில் இருப்பது இன்னமும் அவன்தான்.

கண்ணீர் வருவது அதற்குப் பிறகு. தூங்குகிற கிரெட்டாவின் முகத்தைப் பார்க்கிறான், கலைந்த தலைமுடி, பாதி திறந்த வாய். மைக்கேல் ப்யூரி எந்த முகத்துக்காகச் செத்தானோ அந்த முகம் இப்போது இது இல்லை என்று அவனுக்குத் தெரிகிறது, ஆனாலும் கோபம் வரவில்லை. அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். கிழ அத்தை ஜூலியாவின் சாவு சீக்கிரம் வரும், கறுப்பு உடையில் போய் உட்கார வேண்டும் என்று நினைக்கிறான். மழையில் நின்ற பையனை நினைக்கிறான். தன்னைப் பற்றிய நினைப்புக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அப்போதுதான் கண் நிறைகிறது.

அவனும் கடைசியில் மூச்சைக் கேட்கிற இடத்துக்குத்தான் வந்து சேர்கிறான். பிள்ளை தினமும் ராத்திரி கதவைத் திறந்ததும் நிற்கிற இடம் அது.

*

ஜான் ஹஸ்டன் இந்தக் கதையை 1987இல் படமாக எடுத்தார். அதுவே அவருடைய கடைசிப் படம். நுரையீரல் கெட்டுப்போய், சக்கர நாற்காலியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்து இயக்கினார். கிரெட்டாவாக நடித்தது மகள் அஞ்சலிகா. படம் திரைக்கு வருவதற்குள் அவர் போய்விட்டார். மாடிப்படியில் அவள் நின்று பாட்டுக் கேட்கிற காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். முகத்தில் பெரிதாக ஒன்றும் அசைவதில்லை. ஒரு மனுஷி நம் கண் முன்னே வேறு ஊருக்குப் போய்விடுவது மட்டும் தெரிகிறது.

*

எங்கள் வரிசையில் மூன்று வீடு தள்ளி ஓர் அண்ணன். அன்னாசி லாரி ஓட்டினவர். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குச் சர்க்கரை, அதில் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பொந்தியான் பக்கம் போக வேண்டும். அண்ணன் காடியில் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, கூட்டிக்கொண்டு வருகிறார். நடுவில் வீட்டுக்கு வந்து திரும்பலாம், வருவதில்லை. மர நிழலில் காடியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, நாலு மணி நேரமும் அங்கேயே.

அக்காவின் இடது கையில் இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், ஊசி போடுவதற்காக. அந்த இடம் மேடாகத் தடித்திருக்கும். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு தெரியும், மடியில் படுத்த பூனை உறுமுகிற மாதிரி. அது நின்றுவிட்டால் குழாய் அடைத்துவிட்டது என்று பொருள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தினமும் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தாதிகள் முதல்நாளே சொல்லி அனுப்புவார்கள். நோயாளி தானே பார்த்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு விரல் போதும்.

அண்ணன்தான் பார்க்கிறார். ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது நடந்தது. தொலைக்காட்சியில் செய்தி முடிந்தது. அவர் எழுந்து விளக்குச் சுவிட்சுக்குப் போகிற வழியில், பேச்சை நிறுத்தாமலே, அக்கா கையை எடுத்து, ஒரு வினாடி விரலை வைத்து, "ஓடுது" என்றார். அக்கா "ம்" என்றாள். அவர் கை கழுவப் போனார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பேசிக்கொண்டிருந்த பேச்சு அன்னாசி விலை பற்றி.

"தினமும் பாப்பீங்களாண்ணே?"

"பாக்காட்டி தூக்கம் வராது டீச்சர்."

வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

*

அக்காவின் சாப்பாட்டுக் கணக்கு அண்ணனுக்கு மனப்பாடம். தண்ணீர் அளந்துதான். காலையில் ஒரு போத்தலில் நிரப்பி வைத்துவிடுவார், நாள் முழுக்க அவ்வளவுதான், கோப்பியும் குழம்பும் அந்தக் கணக்கில் சேரும். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும். நட்சத்திரப் பழம் வாசலிலேயே வரக் கூடாது, சிறுநீரகம் போனவர்களுக்கு அது விஷம், மூளையைத் தாக்கும். அன்னாசியில் பொட்டாசியம் குறைவு, அளவாகச் சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்த ஊரில் அன்னாசிக்கா பஞ்சம்? ஊர்ப் பெயரே அன்னாசி. பக்கத்திலேயே அன்னாசி அருங்காட்சியகம் இருக்கிறது. கறுத்து, ஊறி, காலை உள்ளே இழுக்கிற சதுப்பு மண்ணில் வேறு பயிர்கள் திணறும்போது அன்னாசி வளர்ந்து நிற்கும். நட்டு ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தால்தான் காய். இலை விளிம்பு அறுக்கும், வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

அண்ணன் பழம் நறுக்குவதைப் பார்க்க வேண்டும். தலையையும் அடியையும் வெட்டிவிட்டுத் தோலை மெல்லச் சீவுவார். பழத்தின் மேல் கண்கள் சாய்வாக வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு கண்ணாகத் தோண்டினால் சதை வீணாகும். அவர் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, ஒரு வரிசைக்கு இரண்டு பக்கமும் கீறி, கண்கள் அத்தனையையும் ஒரே நாடாவாக எடுத்துவிடுவார். பழத்தைச் சுற்றிச் சுற்றித் திருகு படிக்கட்டு இறங்கும். நடுத்தண்டை எடுத்துவிட்டு, மெல்லிய துண்டாக இரண்டே இரண்டு. உப்புத் தொடுவது இந்த ஊர் வழக்கம், அக்காவுக்கு உப்பு ஆகாது, அதனால் அவரும் உப்புத் தொடுவதை விட்டுவிட்டார்.

*

செக்கோவின் 'ரோத்ஸ்சைல்டின் பிடில்' (1894). சவப்பெட்டி செய்கிற யாக்கோவ். எல்லாவற்றையும் நஷ்டக் கணக்காகவே பார்க்கிற மனிதன். மனைவி மார்ஃபாவுக்குக் காய்ச்சல் கண்டு, இனிப் பிழைக்க மாட்டாள் என்று தெரிகிறது. இரும்புக் கோலை எடுத்து, உயிரோடு கிடக்கிறவளை அளந்து, சவப்பெட்டி செய்யத் தொடங்குகிறான். முடித்ததும் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறான்: மார்ஃபாவின் சவப்பெட்டி, 2 ரூபிள் 40 கோபெக்.

அவள் அன்று மாலை கேட்கிறாள்: ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கடவுள் நமக்கு ஒரு பிள்ளை கொடுத்தாரே, தங்கமுடி, ஆற்றங்கரை வில்லோ மரத்தடியில் உட்கார்ந்து பாடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? அவனுக்கு இல்லை. எவ்வளவு முட்டியும் ஞாபகம் வரவில்லை.

இதிலே என்னை வதைக்கிற இடம் ஒன்று உண்டு. அவள் முகம் காய்ச்சலில் சிவந்து, சந்தோஷமாக இருக்கிறது. இந்தக் குடிசையையும் சவப்பெட்டிகளையும் யாக்கோவையும் விட்டுப் போகிற சந்தோஷம். அதைப் பார்த்ததும்தான் அவனுக்கு உறைக்கிறது: 52 வருஷத்தில் ஒருமுறை இவளைத் தடவிக்கொடுத்ததில்லை, ஒரு தலைக்குட்டை வாங்கித் தந்ததில்லை. தேயிலை செலவாகும் என்று தேநீர் குடிக்க விடவில்லை. அவள் வெறும் வெந்நீர் குடித்தே காலம் தள்ளினாள்.

வெந்நீர். பிள்ளை அடுப்பில் வைப்பதும் வெந்நீர்தான்.

புதைத்த பிறகு யாக்கோவ் ஆற்றங்கரைக்குப் போகிறான். மரம் நிற்கிறது. தங்கமுடிக் குழந்தை அப்போது நினைவுக்கு வருகிறது. அவள் போன பிறகு.

*

ஒரு விஷயம் கவனித்தேன். கேப்ரியலுக்குப் புரியும்போது கிரெட்டா தூங்கிவிட்டாள். யாக்கோவுக்குப் புரியும்போது மார்ஃபா மண்ணுக்குள். பிள்ளையின் மனசு நமக்குத் தெரியவரும்போது செல்லம்மாள் கட்டை. கணவர்களின் உணர்தலை எழுதியவர்கள் எல்லாரும் பெரிய கைகள். ஆனால் ஒருவர்கூட மனைவி கேட்கும்படி அதை நடக்க விடவில்லை. கிரெட்டாவை எழுப்பிக் கேப்ரியல் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை கெட்டுப்போயிருக்கும், எனக்கும் தெரியும். ஒரு பெண்ணாக அதைக் கேட்க ஆசைப்படுகிறேன்.

*

இரண்டாம் பாலம். 1998இல் திறந்தார்கள், இந்தப் பக்கம் ஜொகூர், அந்தப் பக்கம் சிங்கப்பூரின் துவாஸ். நம் பிள்ளைகள் எத்தனை பேர் விடியுமுன் மோட்டோவில் ஏறி, மழைச்சட்டை போட்டு, கடப்பிதழை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிங்கப்பூர் போய் வேலை பார்த்துவிட்டு இருட்டித் திரும்புகிறார்கள்! வாடகை இங்கே குறைவு, சம்பளம் அங்கே கூடுதல். பட்டணத்துக்கு வெளியே குடியிருந்துகொண்டு பட்டணத்தில் உழைத்த பிரமநாயகம் பிள்ளையின் கணக்கு இன்றைக்கும் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஜொகூர் பாருப் பெண்ணின் அப்பாவும் அந்தப் பாலத்தில் பல வருஷம் போய் வந்தவர். கதையில் பிள்ளை வீடு திரும்புகிற இடத்தை மறுபடி படித்துப் பார் என்று அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

*

புதுமைப்பித்தனைக் கசப்பானவர், கிண்டல்காரர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் அவர் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களைப் படிக்க வேண்டும். 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாக வந்திருக்கிறது. அவர் சென்னையில், அவள் திருவனந்தபுரத்தில், நடுவில் தபால். பணம் அனுப்ப முடியாத தவிப்பு, எப்போது வருவேன் என்ற கணக்கு, இடையிடையே கொஞ்சல். கமலாவும் சிறுகதை எழுதியவர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள்.

'செல்லம்மாள்' எழுதி ஐந்து வருஷத்தில் அந்த வீட்டில் நோயாளி அவரே ஆனார். தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனே போன இடத்தில் காசநோய் முற்றியது. திருவனந்தபுரம் திரும்பினார். 1948 ஜூன் 30ஆம் தேதி முடிந்துபோனார், வயது 42. கதையில் கணவன் மனைவியின் மூச்சைப் பார்த்தான். வீட்டில் கமலா பார்த்தாள்.

*

மலாயாத் தமிழ் வாசகர்களிடம் புதுமைப்பித்தனைப் பற்றிப் பேச, அவரை நெஞ்சில் வைத்திருந்த ஒருவரே இங்கு வந்து சேர்ந்தார். கு. அழகிரிசாமி 1952இல் கோலாலம்பூர் வந்து 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் உட்கார்ந்தார், 1957 வரை இருந்தார். இங்கிருந்தவர்களை உட்கார வைத்துக் கதை எப்படி எழுத வேண்டும் என்று பேசினார். சீதாலட்சுமியைக் கல்யாணம் செய்துகொண்டதும் இங்கே இருந்த காலத்தில்தான். 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது. ஒரு கதையைக் கூடி உட்கார்ந்து படிக்கிற பழக்கம் இன்னும் அங்கங்கே நிற்காமல் இருக்கிறது என்பதில் எனக்கு உள்ளபடியே சந்தோஷம்.

*

அந்தப் பெண் பதில் அனுப்பியிருக்கிறாள். நீளமான குரல் பதிவு. மறுபடி படித்தாளாம். பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறாள், முழுசாக இல்லை. ஆனால் வேறொன்றைப் பிடித்திருக்கிறாள்:

"டீச்சர், நீங்க எல்லாரும் அவரையே பாக்குறீங்க. வேலை செய்யாதேன்னு அவரு சொல்லிட்டுப் போறாரு. அவ எந்திரிச்சு சமைச்சு வெக்கிறா, சமைச்சிட்டு மயங்கி விழறா. வந்து பாத்து அவரு திட்டுறாரு. வேலைக்குப் போயிட்டு வர்ற மனுசன் சாப்பிடணும்னு அவ நெனச்சதை யாரும் கணக்குல எழுதலையே."

உண்மை. நான் கைகளை வரிசைப்படுத்தினேன், ஒரே ஆளின் கைகளை. செல்லம்மாளின் அந்தச் சமையலை மறுபடி போய்ப் படித்தேன். எழுந்து நிற்க முடியாத உடம்பு அடுப்பைப் பற்ற வைக்கிறது. அவரிடம் சொல்லாமல். அவர் திரும்பி வருகிற நேரம் அவளுக்கு உடம்பிலேயே தெரிந்திருக்கிறது. அவருக்குக் கடையில் என்ன நடந்தது, இன்று முதலாளி சிடுசிடுத்தாரா என்பதெல்லாம் அவளுக்குக் கதவு திறக்கிற ஓசையிலேயே தெரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். கதையில் அப்படி ஒரு வரி இல்லை. இருவருக்கும் இடையே கதையில் எழுதாமல் விட்டது நிறைய இருக்கிறது.

டயாலிசிஸ் முடிந்து வரும்போது அக்காவின் கைப்பையில் டிஷ்யூவில் மடித்த பிஸ்கட் இருக்கும். அங்கே நோயாளிகளுக்குக் கொடுக்கிறது. பாதியைத் தின்றுவிட்டுப் பாதியைக் கொண்டுவருவாள். காடியில் ஏறியதும் முதல் வேலை அதை எடுத்து அவரிடம் நீட்டுவது. "நாலு மணி நேரமா ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாரு" என்பாள் என்னிடம். அவர் சாப்பிட்டிருப்பார், முனைக் கடையில் ரொட்டி சானாய். அதைச் சொல்லாமல் பிஸ்கட்டையும் தின்பார்.

*

அடுத்த மாதம் 'சாப விமோசனம்'. அதே 1943, அதே கை. அங்கே கணவன் கோதமன். மனைவி அகலிகை உயிரோடு இருக்கிறாள், விழித்திருக்கிறாள், எல்லாவற்றையும் கேட்கிறாள். அவனும் மனம் மாறி, அவளைப் புரிந்துகொண்டு, கூட வாழ வருகிறான். புரிந்துகொண்ட கணவன் பக்கத்திலேயே இருந்தும் அவள் கடைசியில் மறுபடி கல்லாகிறாள். சீதையை ராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்ட பிறகு.

மேலே நான் ஆசைப்பட்டேனே, மனைவி கேட்கும்படி ஒரு கணவனின் உணர்தல் என்று. புதுமைப்பித்தன் அதையும் எழுதிப் பார்த்திருக்கிறார், அது போதவில்லை என்றும் எழுதியிருக்கிறார். கோதமன் எந்த இடத்தில் தவறவிட்டான், அல்லது அவன் கையில் எதுவுமே இல்லையா? கதையின் பிரதியை எடுத்து அண்ணனிடமும் கொடுத்திருக்கிறேன், காடியில் காத்திருக்கிற நேரத்தில் படிக்கட்டும் என்று. ராமாயணமா டீச்சர், எனக்குத் தெரிஞ்ச கதைதானே என்றார். இல்லைண்ணே, படிச்சுப் பாருங்க என்றேன். வாசிப்புக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு டயாலிசிஸ். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது.